சந்திரகிரியில் வெயில் போன நேரம்

"இரவு உணவருந்திவிட்டு வெளியே சென்றவர் வீடு திரும்பவில்லை."

இந்த வாக்கியத்தை நான் பல முறை எழுதியிருக்கிறேன். கிணற்றில் விழுந்தவர்கள், லாரியில் அடிபட்டவர்கள், பாம்பு தீண்டியவர்கள் எல்லாரும் என் செய்திகளில் இரவு உணவருந்திவிட்டுத்தான் வெளியே போனார்கள். அறுபதுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதம், அதையே என் நண்பனைப் பற்றியும் எழுதினேன். அந்த வாக்கியம் அச்சில் வந்ததால், கல் உடைக்கும் தொழிலாளி ஒருவர் தூக்குக் கயிற்றுக்குப் பக்கத்தில் போய்விட்டார்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குச் செஞ்சியில் பகுதி நேர நிருபர். வீடு சிங்கவரத்தில். காலையில் சைக்கிளில் வந்து போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் என்று ஒரு சுற்று. மதியத்துக்குள் எழுதி, உறையில் போட்டு, சென்னை பஸ்ஸில் கொடுத்து அனுப்ப வேண்டும். அந்த அவசரத்தில் கைக்குப் பழகிய வாக்கியங்கள்தான் வரும்.

நண்பன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்கள் பக்கத்தில் நயினார் என்று சொல்லும் தமிழ்ச் சமணக் குடும்பம். நிலமும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக்கு ஒரு மண்டியும் இருந்தும் அவன் சாக்பீஸைத்தான் பிடித்தான். லீவு நாட்களில் பிள்ளைகளைத் தொண்டூர்ப் பக்கம் கூட்டிப்போய், பாறையில் முனிவர்களுக்காக வெட்டிய படுக்கைகளைக் காட்டுவான். பக்கத்துப் பாறைக்கு ஒரு காண்ட்ராக்டர் வெடி வைக்க ஆரம்பித்தபோது மனு எழுதினான். நான் அதைச் செய்தியாக்கினேன். வேலை நின்றது.

அவனுக்கு ஒரு தங்கை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். நாங்கள் இருவரும் பேசியது குறைவு. ஆனால் என் செய்தி வந்த நாளெல்லாம் அந்தத் துண்டைக் கத்தரித்து, தவறுகளைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, அண்ணனிடம் கொடுத்தனுப்புவாள். 'பலத்த மழை' என்று நான் எழுதினால் ஓரத்தில், 'எங்கள் தெருவில் தூறல்' என்று இருக்கும். அந்தத் துண்டுகளை நான் தூக்கிப் போட்டதில்லை. ஏன் என்று நண்பன் கேட்டதில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வேலை நின்றதில் கல் உடைப்பவர்களுக்குக் கூலி போயிற்று. அவர்களில் ஒருவர் கடைத்தெருவில் நண்பனின் சைக்கிளை மறித்தார். "எம் பொண்டாட்டி புள்ள வயித்துல அடிச்சிட்டியே வாத்தியாரே! உன்ன சும்மா உடமாட்டேன்!" என்று கத்தினார். பாதிக் கடைத்தெரு கேட்டது. ஒரு வாரம் கழித்து, ஏரிக்கரைக்குக் கீழே பனைமரங்களுக்கு நடுவில் நண்பன் கிடந்தான். பின்மண்டையில் அடி. முதல் நாள் இரவு பத்தரை மணிக்கு அந்தக் கல் உடைப்பவர் கரைமேல் தனியாகப் போனதைப் பார்த்ததாகக் காண்ட்ராக்டரின் மேஸ்திரி சொன்னான். அன்று மாலையே அவரைப் பிடித்துவிட்டார்கள்.

பனைமரத்தடியில் நானும் நின்றேன். நோட்டுப் புத்தகத்தில் சைக்கிள் கிடந்த திசையைக் குறித்தேன். செருப்பில் ஒன்று பத்தடி தள்ளி இருந்ததைக் குறித்தேன். அவன் முகத்தைப் பற்றி ஒன்றும் குறிக்கவில்லை. வீட்டுக்காரர்கள் பேசும் நிலையில் இல்லை. நான் போய் எழுதினேன்: இரவு உணவருந்திவிட்டு வெளியே சென்றவர். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் தென்பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். என் செய்தியை அவர் படித்தார். பிணப் பரிசோதனை செய்த டாக்டர், கடைசியாகச் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் மரணம் என்று எழுதியிருந்தார். ராத்திரிச் சாப்பாடு எட்டரை என்றால் மரணம் பத்தரை. மேஸ்திரி சொன்னதும் பத்தரை. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

இருபது நாள் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. போனபோது அவன் அப்பா கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினார். தங்கை உள்ளேயிருந்து வந்தாள். கையில் ஒரு செய்தித் துண்டு. ஒரு வரிக்குக் கீழே பென்சில் கோடு, காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி.

"இது யார் சொன்னது உங்களுக்கு?"

"எது?"

"ராத்திரி சாப்ட்டுட்டுப் போனான்னு. இந்த ஊட்டுல ராத்திரி யாரு சாப்ட்டிருக்காங்க?"

நயினார் வீடுகளில் பொழுதோடு சாப்பிட்டுவிடுவார்கள். பொழுது சாய்ந்தபின் அடுப்பும் இல்லை, இலையும் இல்லை. விளக்கில் விழும் பூச்சி சோற்றில் விழக்கூடாது. இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் கண் முன்னால் நண்பன் ராத்திரியில் சாப்பிட்டிருக்கிறான். பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில், என்னோடு, வீட்டுக்குத் தெரியாமல். அதனாலேயே எழுதும்போது என் கை தயங்கவில்லை. இதை அவளிடம் அன்றைக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"பொழுதோட சாப்ட்டுட்டுக் கிளம்பினான்," என்றாள் அவள். "டாக்டர் சொல்ற ரெண்டு மணி நேரத்த அங்கேர்ந்து எண்ணுங்க."

எண்ணினேன். பொழுது சாய்ந்தது ஆறரைக்கு; மரணம் எட்டரைக்குள் வந்தது.

அங்கிருந்து நேராகக் கல் உடைப்பவரின் குடிசைக்குப் போனேன். அவர் மனைவி ரெண்டு வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அன்னைக்கு எட்டு மணிக்கு உன் வீட்டுக்காரர் எங்க இருந்தார்?"

"ஆஸ்பத்திரில. இந்தப் புள்ளைக்குத் தேள் கொட்டி ஏழு மணிக்கே போயிட்டோம். துடிக்குது புள்ள. மார்ல போட்டுக்கினு அவருதான் உக்காந்திருந்தாரு. ஒம்போதரைக்கு மேல துணி எடுத்தாரேன்னு ஊட்டுக்குப் போனாரு. ஏரிக்கரை வழிதான் எங்களுக்கு."

"இதைப் போலீஸ்ல சொன்னியா?"

"சொன்னேனே. பத்தரைக்கு எங்க இருந்தான், பத்தரைக்கு எங்க இருந்தான்னே கேட்டாங்க. எட்டு மணிய யாரும் கேக்கலயே சார்."

ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரில் குழந்தையின் பெயர் இருந்தது. வந்த நேரமும், ஒன்பது மணிக்கு மறுபடி ஊசி போட்ட நேரமும் இருந்தன. தகப்பன் விட்டுப் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்ததை நர்ஸம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். "புள்ளைக்குப் போட வேண்டிய ஊசிய அவருக்குப் போட்டிருந்தாத்தான் சும்மா இருந்திருப்பாரு!"

கல் உடைப்பவருக்காக வாதாட வந்த வக்கீல் இதையெல்லாம் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார். "நல்லதுதான்யா. ஆனா அந்தப் பொண்ணு கோர்ட்டுக்கு வரணும். வந்தாலும் பிராசிக்யூஷன் ஒரே கேள்விதான் கேக்கும். அந்த வாத்தியார் ஒரு நாளாவது வெளியில ராத்திரி சாப்ட்டதில்லையா? சாப்ட்டதைப் பாத்தவன் ஒருத்தன் வந்து நின்னா, இந்தக் கேஸ் அவ்வளவுதான்."

பார்த்தவன் அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். அந்தச் செய்தியை எழுதியவன் என்ற முறையில் என்னையும் சாட்சியாக அழைக்கப்போகிறார்கள். கேட்டால் பொய் சொல்லலாம். சொன்னால் ஓட்டல் சர்வர் ஒருவன் போதும், என் பொய்யோடு அவள் சொல்லும் உண்மையையும் கவிழ்க்க.

மறுநாள் காலை அவர்கள் களத்துக்குப் போனேன். மல்லாட்டை காயப் போட்டிருந்தார்கள். அவள் காலால் துழாவிக்கொண்டே நடந்தாள். அவளுக்குப் பின்னால் கோடு கோடாக வந்தது. இருபது நாளில் மெலிந்திருந்தாள். நடையில் மட்டும் அவசரம் குறையவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"உங்க அண்ணன் ராத்திரி சாப்ட்டிருக்கான். என்னோட, ஓட்டல்ல. ரெண்டு தடவை."

அவள் திரும்பவில்லை. "மூணு," என்றாள்.

"இன்னா?"

"மூணு தடவை. கார்த்திகையில ஒண்ணு. பொங்கலுக்கு முன்ன ஒண்ணு. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் சினிமாவுக்குப் போனீங்களே, அன்னைக்கு. மசால் தோசை. சட்டையில வெங்காய வாசனையோட வந்து, நைனாவத் தாண்டிப் போவ பயந்துக்கினு மாட்டுக் கொட்டாயில நின்னான். துவச்சுப் போட்டது நான்தானே." பிறகுதான் திரும்பினாள். "நிருபருக்கு ரெண்டுதான் ஞாபகம் இருக்குது போல."

சிரித்துவிட்டாள். அவன் போனபின் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு பாதியில் அழுகையானது. நான் களத்தின் ஓரத்தில் நின்றேன். கிட்டே போகவும் முடியவில்லை, போய்விடவும் முடியவில்லை. கடைசியில் மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு, அங்கே தொங்கிய துணியில் வடிகட்டி, அவர்கள் வழக்கப்படி கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள்.

வக்கீல் கேட்டதைச் சொன்னேன்.

"வயித்துல இருந்தது இன்னா இன்னான்னு எழுதியிருக்காங்களா?"

எழுதியிருந்தார்கள். வக்கீலிடம் பார்த்து நோட்டில் குறித்து வைத்திருந்தேன். எத்தனையோ பிணப் பரிசோதனை அறிக்கைகளைக் குரல் மாறாமல் படித்தவன் நான். அதைப் படிக்க எனக்கு நேரம் பிடித்தது. "சோறு. பச்சைப் பயறு. தோலோடு மாங்காய்த் துண்டு."

அவள் மல்லாட்டைமேல் அப்படியே உட்கார்ந்தாள்.

"தோல் சீவாம போட்டாத்தான் அவனுக்குப் புடிக்கும். எந்த ஓட்டல்ல பயறுல மாங்காய தோலோட போட்டுக் கொடுப்பான்? அது நான் செஞ்சது." ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தாள். "இன்னொரு கரண்டி கேட்டான். நான் போடல."

"ஏன்?"

"பொழுது போயிட்டுது. எங்க கொல்லையில நின்னா கிழக்கால சந்திரகிரி தெரியும். உச்சியில வெயில் போச்சுன்னா இலைய எடுத்துடணும். அன்னைக்கு லேட்டா வந்து உக்காந்தான். பாதி சாப்புடறப்பவே வெயில் போயிட்டுது. 'ஒரு கரண்டிதானே, யார் பாக்கப்போறாங்க'ன்னான். வெங்காயச் சட்டையெல்லாம் எனக்கு ஞாபகம் வந்துட்டுது. 'இங்க அதெல்லாம் நடக்காது, எழுந்திரு'ன்னு இலையப் புடுங்கிட்டேன். சிரிச்சிக்கினே கை கழுவினான். யாரோ ஏரிக்கரையில பேசணும்னு சொல்லியனுப்பியிருக்காங்கன்னு சைக்கிள எடுத்துக்கினு போயிட்டான். பசியோட போனான்."

இருபது நாளாக அவள் யாரிடமும் சொல்லாதது இதுதான். அந்த மனிதரைக் காப்பாற்ற, அதைக் கோர்ட்டில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும்.

அப்பாவிடம் அவளே பேசினாள். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"பொம்பளப் புள்ள கூண்டுல ஏறி, அண்ணனுக்குச் சோறு போடலன்னு சொல்லுவியா? எம் புள்ளயக் கொன்னவன நீ காப்பாத்தப் போறியா?"

"கொன்னவன் அவன் இல்ல நைனா. கொன்னவன் வேற எவனோ. நல்லா மூணு வேளையும் சாப்ட்டுக்கினு ஊர்லதான் திரிஞ்சிக்கினு இருக்கான்."

அதற்குப்பின் அவர் மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். என்னிடம் எப்போதுமே பேசியதில்லை. விசாரணை தொடங்க எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் வக்கீலுக்கும் அவளுக்கும் நடுவில் காகிதம் கொண்டுபோவது என் வேலை. ஒவ்வொரு தடவையும் அதை வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அரை மணி நேரம் பேசாமல் நான் வந்ததில்லை. அவளும் சீக்கிரம் போகச் சொன்னதில்லை. கேஸைப் பற்றிப் பேச ஆரம்பிப்போம். நான் எழுதிய மழைச் செய்தியில் முடியும். அவள் அண்ணன் சைக்கிள் பெல்லை மூன்று தடவை அடிப்பான். நான் ஒரு தடவைதான் அடித்தேன். அது அவளுக்குக் கேட்டுவிடும்.

சாட்சி சொல்லும் நாள், பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு முன்பே அவள் அப்பா குடையோடு நின்றிருந்தார். "டிக்கெட் எடுத்தாச்சு," என்றார்.

முதலில் நான் ஏறினேன். அந்த வாக்கியத்தை யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்றார் எங்கள் வக்கீல். யாரையும் கேட்கவில்லை, வழக்கமாக எழுதுவது, என்றேன். நீதிபதி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அரசு வக்கீல், ராத்திரி வாத்தியார் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா என்றார். பார்த்திருக்கிறேன், மூன்று தடவை, என்றேன். பெஞ்சில் அவள் அப்பா குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் ஓட்டலில் சாப்பிட்டதை அந்த நிமிடம்தான் தெரிந்துகொண்டார்.

பிறகு அவள். எங்கள் வக்கீல் கேட்டதற்கு என்ன சமைத்தாள், எப்படிச் சமைத்தாள் என்று சொன்னாள். அரசு வக்கீல் எழுந்தார்.

"கடிகாரம் பார்த்தீங்களாம்மா?"

"இல்லைங்க. மலையப் பார்த்தேன்."

"மலை மணி சொல்லுமா?"

"எங்க ஊட்டுல எல்லாருக்கும் அதுதாங்க மணி."

"வீட்டுல கொஞ்சமா சாப்ட்டார், சரி. அப்புறம் பசிச்சு, வேற எங்கயாவது ராத்திரி சாப்ட்டிருக்கலாம் இல்லையா?"

"சாப்ட்டிருந்தா வயித்துல இருந்திருக்குமேங்க. நான் போட்டது மட்டுந்தானே இருந்துது." கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ஒரு கரண்டி கேட்டான். பொழுது போச்சுன்னு நான் போடல. போட்டிருந்தா அஞ்சு நிமிஷம் லேட்டா போயிருப்பான். அதனாலதாங்க எனக்கு நேரம் மறக்கல."

அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். இரைப்பையை வைத்துச் சொல்லும் நேரம் துல்லியமானதல்ல என்று பின்னாளில் டாக்டர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அதை வைத்துத்தான் ஒருவரைத் தூக்கில் போடவிருந்தார்கள். அதை வைத்துத்தான் அவரை விடவும் முடிந்தது.

மேஸ்திரியை மறுபடி கூண்டில் ஏற்றி, எட்டு மணிக்கு நீ எங்கே இருந்தாய் என்றார் வக்கீல். பத்தரைக்கு மட்டும் பதில் தயாரித்து வந்தவன் விழித்தான். வாத்தியாரைப் பேச வரச் சொல்லி ஆள் அனுப்பியதும், பேச்சு முற்றிக் கைகலப்பாகி அவன் பின்மண்டையில் அடித்ததும், பயந்துபோய்ப் பனைமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தவன் பத்தரைக்குக் கரைமேல் போனவரைப் பார்த்ததும், புதிதாக நடந்த விசாரணையில் வெளிவந்தன. அந்தச் செய்தியை நான் எழுதவில்லை. திண்டிவனம் நிருபரை எழுதச் சொல்லிவிட்டேன்.

கல் உடைப்பவரை விடுதலை செய்த அன்று அவரும் நாங்கள் மூவரும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினோம். இடம் இருந்தும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நயினார் முன்னால் உட்கார மாட்டேன் என்றார்.

"உக்காருய்யா," என்றார் அவள் அப்பா.

"பரவால்லீங்க."

"நீ நின்னா எனக்குக் கழுத்து வலிக்குது. உக்காரு."

கல் உடைப்பவர் அவர் பக்கத்தில், சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். பிறகு கிழவர் தன் மகன் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று சொல்ல ஆரம்பித்தார். கல் உடைப்பவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார். "கோவத்துல கத்திட்டேங்க. நல்ல மனுசன்," என்றார் ஒரு தடவை. பின்சீட்டில் நானும் அவளும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்தோம். அது அவள் அப்பாவுக்குத் தெரியும்.

ஊருக்கு முன்னாலேயே, குடிசைகள் இருக்கும் இடத்தில் பஸ் நின்றது. மனைவி குழந்தையோடு நின்றிருந்தாள். அவர் இறங்கிப் போய்க் கையை நீட்டினார். குழந்தைக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. வீறிட்டு அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பத்தடி பின்னால் போய், ரோட்டோரப் புழுதியில் குந்தி உட்கார்ந்தார். கூப்பிடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் அவள்.

"இன்னாம்மா, யாராவது இறங்கணுமா?"

"இல்ல. இருங்க."

"டைமுக்குப் போகலன்னா என் சீட்டக் கிழிச்சிடுவாங்கம்மா. இது இன்னா கூத்தா, உக்காந்து பாக்க?"

"நிறுத்துய்யா வண்டிய," என்றார் அவள் அப்பா. கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டு விசிலை இறக்கினார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

குழந்தை புடவைக்குள்ளிருந்து ஒரு கண்ணால் பார்த்தது. மறைந்தது. மறுபடி பார்த்தது. அம்மா அதை இறக்கிவிட்டாள். நாலு அடி நடந்து நின்றது. அவர் அசையவில்லை. பிறகு அது கிட்டே போய் அவருடைய முழங்காலில் கையை வைத்தது.

பஸ் கிளம்பியது. அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. சீட்டின் மேல் இருந்த அவள் கை என் கைக்கு அருகில் வந்து, பக்கத்திலேயே இருந்தது.

"நாளைக்கு ஊட்டுக்கு வாங்க," என்றாள். "காகிதம் ஒண்ணும் எடுத்தார வேணாம். சும்மா வாங்க. நைனாகிட்ட பேசுங்க."

"அவர் என்கிட்ட பேச மாட்டாரே."

"பேசுவார்," என்றாள் அவள். "இல்லன்னா நான் பேசறேன்."